மூன்று வீட்டிலும் எழுதப்படாத ஆள்

வளர்மதி, உன் பெயரை எழுதிவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் எட்டாவதோடு நின்றவள், எனக்கு எழுத்து ஓடாது என்று உனக்குத் தெரியும். மற்றவர்களும் இதைப் படிக்கப் போகிறார்கள். அதனால் இதற்கு மேல் உன்னை ‘அவள்’ என்றுதான் எழுதுவேன். கோபித்துக்கொள்ளாதே.

நானும் வளர்மதியும் ஆரணியில் ஒரே தெரு. இரண்டு பேரும் கொசுப்புழு ஒழிக்கும் வேலையில் ஜோடியாக இருந்தோம். வீடு வீடாகப் போய் டிரம், தொட்டி, குடம் எல்லாவற்றையும் திறந்து பார்த்து, புழு இருந்தால் கொட்டி, மருந்து போட்டுவிட்டு வருகிற வேலை. தினக்கூலிதான். ஆறு வருஷம் பார்த்தேன். இப்போது விட்டுவிட்டேன்.

புதிதாகச் சேர்ந்த பெண்கள் இரண்டு பேர் போன வாரம் என்னைத் தேடி வந்தார்கள். நாங்கள் வீடு வீடாக நிரப்பிய காகிதப் பாரம் அவர்களுக்குக் கிடையாது, எல்லாம் போனில்தான். “யக்கா, வூட்ல எத்தினி பேருன்னு நம்பர் போடாங்காட்டி அடுத்த பக்கமே போவ மாட்டேங்குது. ஜனங்க கேட்டா சண்டைக்கு வர்றாங்க. நீங்க எப்படி கேட்டீங்க?” என்றார்கள். அவர்களுக்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. வளர்மதி வேலையை ஒழுங்காகப் பார்க்கவில்லை, அதனால்தான் அவளைத் தூரமாக மாற்றினார்கள் என்று எங்கள் தெருவிலும் வேலையிலும் இன்னும் பேசுகிறார்கள். அது பொய். தப்பு செய்தது நான். அதைச் சொல்லி முடிக்காமல் இந்தக் காகிதத்தை மூடப் போவதில்லை.

வேலைக்குச் சேர்ந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு நாள் பயிற்சி. முதல் நாள் கொசுப் படம் காட்டினார்கள். இரண்டாம் நாள் ஆளுக்கு ஒரு டார்ச், ஒரு கரண்டி, ஒரு மருந்து டப்பா, ஒரு சாக்பீஸ் பெட்டி கொடுத்தார்கள். மீதியெல்லாம் எங்கள் சுகாதார இன்ஸ்பெக்டரிடம் கற்றதுதான்.

அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. டிரம்மைத் திறந்தால் அதன் பக்கத்திலேயே குந்திக்கொள்வார். டார்ச் வெளிச்சம் பட்டவுடன் புழு துள்ளித் துள்ளி அடியில் போய்விடும். நாங்கள் ‘இல்ல சார்’ என்று மூடப் போவோம். அவர் மூடியைப் பிடித்துக்கொள்வார். “இரும்மா. அதுக்கும் மூச்சு வாங்கணும்ல. மேல வரும்,” என்பார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டே இருப்பார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகத் தலைகீழாக மேலே வந்து தொங்கும். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, காய்ந்த மண்ணில்தான் ஊற்ற வேண்டும். கடைசியில் வாசல் சுவரில் சாக்பீஸால் தேதி போட வேண்டும். புழு கொசுவாக மாற ஏழெட்டு நாள் ஆகும். அதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்பதால் வாரம் ஒரு தடவை அதே வீடு.

மனிதர்களிடமும் அவர் அப்படித்தான். ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே காத்திருப்பார். பதில் தானாக மேலே வரும்.

எங்களுக்குக் கொடுத்த ஊர் கண்ணமங்கலம் ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். ஒரு பக்கம் பட்டுத்தறி போட்டவர்கள், இன்னொரு பக்கம் விவசாயம், கூலி. முதல் மாதம் எங்களை ஒருவரும் மதிக்கவில்லை. “வந்துட்டாங்கடி கொசு புடிக்கறவங்க. இன்னாமே, எங்க வூட்டு கொசுவுக்கு பேரு வெச்சிட்டியா?” என்று ஒரு அக்கா போகும்போதெல்லாம் கேட்பாள். வளர்மதி ஒரு நாள், “வெச்சிட்டேன் யக்கா, உங்க பேருதான். அதான் இவ்ளோ கடிக்குது,” என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எங்களுக்கு மோர் கிடைத்தது.

பாரத்தில் வீட்டு எண், வீட்டுத் தலைவர் பெயர், எத்தனை பேர், யாருக்காவது காய்ச்சலா, தண்ணீர் பாத்திரம் எத்தனை, புழு இருந்தது எத்தனை என்று கட்டங்கள் இருக்கும். புழுவைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். இல்லை. ‘எத்தனை பேர்’ என்ற கட்டம்தான் கஷ்டம்.

“எதுக்கு எண்ணற? தலைக்கு இம்மாம்னு குடுக்கப் போறியா?” என்பார் ஒருவர். “பசங்கள எண்ணாத, கண்ணு பட்டுடும்,” என்று ஒரு அம்மா கதவைச் சாத்துவாள். ஒரு வீட்டில் மூன்று பேர் என்றார்கள். தூளி ஆடிக்கொண்டிருந்தது. “அதுல இருக்கறது?” என்று கேட்டேன். “அதுக்கு இன்னும் பேரே வெக்கலியே,” என்றாள் அந்தப் பெண், நான் ஏதோ தப்பாகக் கேட்டதைப் போல. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவளை அங்கே ‘வந்திருக்கா’ என்பார்கள், மாமியார் வீட்டில் ‘போயிருக்கா’ என்பார்கள். வந்திருப்பவளையும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், போயிருப்பவளையும் சேர்க்க மாட்டார்கள். வயிற்றுப் பிள்ளையோடு அவள் இரண்டு ஊருக்கும் நடுவில் நிற்பாள்.

எனக்கு இதெல்லாம் பேஜார். வளர்மதிக்கு இதுதான் உயிர். ஒரு நோட்டு வாங்கி அந்த ஊரில் உண்மையில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டே வந்தாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. திங்கட்கிழமை போனால் வாலிபப் பையன்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். பெங்களூர், ஸ்ரீபெரும்புதூர் என்று போயிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் தெருவெல்லாம் பைக். “ஏய், இது ரெண்டு ஊருடி. திங்கட்கிழமை ஊரு ஒண்ணு, ஞாயித்துக்கிழமை ஊரு ஒண்ணு,” என்பாள். பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஐந்தாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று டீச்சரிடம் கேட்டு வந்து, “சின்ன கிளாஸ் சின்னதாய்கினே வருது, பாரு. பொறக்கறது கொறஞ்சிகினு இருக்குது,” என்று காட்டுவாள். மாடு மேய்த்தவர் வீட்டில் ஒரு நர்ஸ் இருப்பதையும், நெல் அறுக்கப் போனவர் மகன் கம்பெனி பஸ்ஸில் போவதையும் கண்டுபிடித்து அவளே படித்து வேலைக்குப் போனதைப் போல சந்தோஷப்படுவாள். கொடியில் காயும் துணியைப் பார்த்தே, “நாலு பேர்னு சொன்னாங்க, அஞ்சு பேரு துணி தொங்குது,” என்று திரும்பிப் போய்க் கேட்பாள்.

ஒரு நாள் அவள் இன்ஸ்பெக்டரிடம், “சார், பஞ்சாயத்துல ஒரு கணக்கு சொல்றாங்க, ரேஷன் கடைல ஒண்ணு சொல்றாங்க, நம்ம கணக்கு வேற. எது சார் சரி?” என்று கேட்டாள்.

“மூணும் சரிதான். ஒவ்வொண்ணும் வேற கேள்விக்கு பதில்.”

“நம்ம கேள்வி இன்னா சார்?”

“ராத்திரி இந்தக் கூரைக்குக் கீழ யார் யாரு தூங்குறாங்க? அதான். கொசுவுக்கு ரேஷன் கார்டு தெரியாது.”

நாங்கள் சிரித்தோம். பஸ்ஸில் வரும்போதும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அப்படிச் சிரித்த நான்தான் அதை மீறினேன்.

தறித்தெருவின் கடைசியில் அடுத்தடுத்து மூன்று வீடு. அண்ணன் தம்பி மூன்று பேர். அவர்களுடைய அப்பா கன்னியப்பன் தாத்தா. பாட்டி செத்த பிறகு பிள்ளைகள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு மாதம் பெரியவர் வீட்டில் சாப்பாடு, அடுத்த மாதம் நடுப்பிள்ளை வீட்டில், அதற்கடுத்த மாதம் சின்னவர் வீட்டில். அமாவாசைக்கு அமாவாசை மாறுவார். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், ஒரு போர்வை. அந்தப் பக்கத்தில் பல வீட்டில் இருக்கிற வழக்கம்தான் இது. அதில் கெட்ட மனசு ஒன்றும் இல்லை. மூன்று பிள்ளைகளும் மரியாதையானவர்கள்.

ஒரு நாள் அந்தத் தெரு என் பங்கு. வளர்மதி பக்கத்துத் தெருவில் இருந்தாள். வெயில் கொளுத்தியது. மூன்று வாசலிலும் நின்றபடியே கேட்டேன். ஐந்து பேர், நான்கு பேர், நான்கு பேர் என்றார்கள். எழுதிக்கொண்டேன். கழிவறைத் தொட்டியைப் பார்க்கப் பெரியவர் வீட்டுப் பின்பக்கம் போனபோது, தறி இல்லாமல் சும்மா கிடந்த கொட்டகையில் தாத்தா கட்டிலில் படுத்திருந்தார். பக்கத்தில் மூலையில் பெரிய மண் சால், பழைய காலத்துத் தண்ணீர்ப் பானை. அதன் மேல் ஒரு பலகை.

“இன்னா தாத்தா, இங்கியா தூங்கறீங்க?” என்று கேட்டேன்.

“ரெண்டு நாளைக்குத்தாம்மா. இது சின்னவன் மாசம். அவன் மாமியா கண்ணு ஆபரேசன் பண்ணிகினு வந்து இருக்குது. வூட்ல எடம் இல்ல. அதான் இங்க.”

“அப்ப உங்கள எந்த வூட்ல எழுதறது?”

“என்னை எழுதாத தாயே. எந்தப் புள்ளை பேர்ல எழுதனாலும் மீதி ரெண்டு வூட்டுக்கும் வருத்தம். வுட்டுடு.”

அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. கொட்டகைக்குக் கதவு எண் கிடையாது. எண் இல்லாததைப் பாரத்தில் எழுத வேண்டுமென்றால் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போய்க் கேட்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. விட்டுவிட்டேன். ஆளை எழுதாததோடு சாலின் மேலிருந்த பலகையையும் தூக்கிப் பார்க்கவில்லை. அதுவும் எந்த வீட்டுப் பாத்திரமும் இல்லையே. வெளியே வந்து பெரியவர் வீட்டுச் சுவரில் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டுப் போனேன். அடுத்த வாரமும் வாசலில் நின்று அதே ஐந்து, நான்கு, நான்கு. பின்பக்கம் போகவே இல்லை.

மூன்றாவது வாரம் அந்தத் தெருவில் காய்ச்சல் வந்தது. முதலில் பெரியவரின் மகள், ஆறாவது படிக்கிற பெண். வேலூருக்குக் கொண்டுபோனார்கள். பிறகு எதிர்வீட்டில் ஒருவர், அதற்கடுத்த வீட்டில் இருவர். இன்ஸ்பெக்டர் மொத்த ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். டிரம், தொட்டி, ஆட்டுக்கல், பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்னால் இருக்கும் சின்னத் தட்டு எல்லாம் பார்த்தோம். ஒரு புழு இல்லை. அவர் தெருவில் கிடந்த கல்லின் மேல் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

“புழு இல்லாம கொசு வராது. நாம பாக்காத தண்ணி ஒண்ணு இங்க இருக்குது,” என்றார்.

எனக்கு அந்த நிமிஷமே சால் ஞாபகம் வந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஞாபகம் வந்தது, வாய் வரவில்லை. எனக்கு ஏற்கெனவே இரண்டு தடவை எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார்கள். ஒன்று சொல்லாமல் லீவு போட்டதற்கு. இன்னொன்று, டிரம்மைத் திறக்காமலே சுவரில் தேதி போட்டதற்கு. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

வளர்மதி பாரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று, “ஏய், இதுல தாத்தா எங்கடி?” என்றாள். அவள் நேராக நடு வீட்டுக்குப் போனாள்.

“யக்கா, உங்க மாமனார் எங்க?”

“இது எங்க மாசம் இல்லம்மா. சின்னவங்க மாசம்.”

சின்னவர் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் நம்பர் வாங்கிப் போன் போட்டாள். “நாங்க அம்மாவ ஊர்ல வுட வந்தோம்மா, ரெண்டு நாளாச்சி. மாமா பெரியவங்க வூட்டுப் பின்னாலதான இருக்காரு. அவங்க பாத்துப்பாங்க,” என்றாள் சின்ன மருமகள்.

பெரியவர் வீட்டில் எல்லோரும் மகளோடு வேலூரில் இருந்தார்கள். பெரியவர் மட்டும் துணி எடுக்க வந்திருந்தார். “அப்பாவா? சின்னவன் சாப்பாடு அனுப்பிகினு இருப்பானே. எங்க மாசம் வர்ற அமாவாசைக்கு அப்புறம்தாம்மா,” என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். வளர்மதி அதற்குள் பின்பக்கம் ஓடிவிட்டாள்.

தாத்தா கட்டிலுக்குக் கீழே கிடந்தார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. உதடு வெடித்திருந்தது. இரண்டு நாளாக யாரும் சோறு கொண்டுவரவில்லை. மூன்று வீட்டிலும் அவர் அடுத்த வீட்டில் சாப்பிடுகிறார் என்றுதான் நினைத்திருந்தார்கள். வளர்மதி அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “ஜல்தியா ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க!” என்று கத்தினாள். பெரியவர், “அப்பா, அப்பா,” என்று அழுதுகொண்டே அவர் காலைத் தேய்த்தார். நான் பலகையைத் தூக்கினேன். டார்ச் தேவைப்படவில்லை. சாலில் பாதித் தண்ணீர், அதில் அவ்வளவு புழு.

மருமகள்களிடம் தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டு அவரே குழாய் வருகிற நாளில் பிடித்துச் சேர்த்து வைத்த தண்ணீர் அது. பிழைத்த பிறகு அவர்தான் சொன்னார். ஆமாம், பிழைத்துக்கொண்டார். அந்தச் சின்னப் பெண்ணும் பிழைத்துக்கொண்டது. வளர்மதி அன்றைக்குத் தேடாமல் இருந்திருந்தால் தாத்தாவுக்கு இன்னொரு நாள் கிடைத்திருக்காது என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் சுகாதார நிலையத்தில் எல்லோரையும் நிற்க வைத்து இன்ஸ்பெக்டர் கேட்டார். பாரத்தில் எப்போதும் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கும். “இந்தத் தெருவ யாரு பாத்தது?”

“நான்தான் சார்,” என்றாள் வளர்மதி.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ரொம்ப நேரம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் காத்திருந்தார். நான் மேலே வரவில்லை.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏன்டி இப்படி சொன்ன?” என்று அழுதேன்.

“உனக்கு இன்னொரு லெட்டர் வந்தா வேலை பூடும். எனக்குதான் ஒண்ணுகூட இல்லியே. திட்டுவாங்க, அம்புட்டுதான். வா, டீ குடிக்கலாம். ஆனா ஒண்ணு, அந்தத் தாத்தாவ பாத்துட்டு எப்படிடி எழுதாம வந்த?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்கு அது புரியவில்லை. என் மனசுக்குள் என்ன ஓடியது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள்.

திட்டோடு விடவில்லை. மேலிடத்தில் பேசி அவளைப் படவேடு பக்கம் மாற்றினார்கள். பஸ் குறைவு. காலையில் இருட்டோடு கிளம்புவாள். அங்கேயும் ஒரு நோட்டு போட்டாள். “மலையடிவாரம்டி. இங்க கணக்கு வேற மாதிரி இருக்குது. ஒரு நாள் வா,” என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் போகவில்லை. வெட்கம்.

மார்கழியில் ஒரு நாள் ஒரு வீட்டுக் கொல்லையில் பழைய டயரைத் தூக்கித் தண்ணீரைக் கவிழ்க்கப் போயிருக்கிறாள். உள்ளே விரியன் இருந்திருக்கிறது. பஸ் இல்லை. யாரோ ஒரு பையன் பைக்கில் வைத்து ரோடு வரைக்கும் கொண்டுவந்தான், அங்கிருந்து ஆம்புலன்ஸ். மறுநாள் காலை வரைக்கும் உயிர் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது இல்லை. இருபத்தாறு வயது.

எடுக்கிற அன்று எங்கள் தெருவில் ஒரு பெண், “வேலைய ஒழுங்கா பாத்திருந்தா அவ்ளோ தூரத்துக்கு ஏன் தூக்கிப் போடறாங்க, பாவம்,” என்றாள். வளர்மதியின் அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் அது விழுந்ததை நான் பார்த்தேன். அவருக்குக் கொடுக்கத் தண்ணீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகும் சில மாதங்கள் வேலைக்குப் போனேன். ‘வூட்ல எத்தினி பேரு’ என்று கேட்க வாய் வரவில்லை. ஒரு நாள் நேராக இன்ஸ்பெக்டரிடம் போய், அந்தத் தெருவைப் பார்த்தது நான்தான், வளர்மதி இல்லை என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். “எழுதிக் குடும்மா. அந்தப் பொண்ணு ஃபைல்ல சேத்துடறேன்,” என்றார். தப்பும் தவறுமாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டார்ச், கரண்டி, டப்பா மூன்றையும் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

அன்று மாலையே வளர்மதி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் ராட்டையை நிறுத்தவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

“இத ஏன் எங்கிட்ட வந்து சொல்ற? எம்பொண்ணு வேலைய ஒழுங்கா பாக்கலைன்னு நான் ஒரு நாளும் நெனைக்கல. யாரு அப்படி பேசிகினு திரியறாங்களோ, அவங்ககிட்ட போய் சொல்லு,” என்றார். அதோடு நூலைப் பார்க்கத் திரும்பிவிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

அதனால்தான் எழுதினேன். எங்கள் தெருவில் வீடு வீடாகப் போயும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் பாதித் தெரு இருக்கிறது. சிலர் கேட்டுக்கொள்கிறார்கள். சிலர், “இப்ப எதுக்கு அதெல்லாம்?” என்கிறார்கள். இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போகிறேன்.

புதுப் பெண்களே, வாசலில் நின்று கேட்காதீர்கள். பின்பக்கம் போங்கள். எண் இல்லாத இடத்தில் ஆள் படுத்திருந்தால் போனில் கட்டம் இல்லாவிட்டாலும் எழுதி வைத்து அன்றைக்கே சொல்லிவிடுங்கள். வளர்மதி அப்படித்தான் செய்தாள்.

படித்தவர்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் சாமி எந்தச் சாமியாக இருந்தாலும் சரி, இன்றைக்கு விளக்கேற்றும்போதோ தொழும்போதோ, வளர்மதி என்று பெயரைச் சொல்லி அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். எனக்காக வேண்டாம். அவளுக்காக மட்டும்.